குடிநீர் ஆலையின் உப்புக்கழிவு: எதை மீட்பது, எதைக் கடலுக்கே விடுவது

சென்னைக்காகக் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையங்கள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்து வருகின்றன. மீஞ்சூரை அடுத்த காட்டுப்பள்ளியில் 2010ஆம் ஆண்டிலும் நெம்மேலியில் 2013ஆம் ஆண்டிலும் நாளொன்றுக்குத் தலா 10 கோடி லிட்டர் தரும் நிலையங்கள் தொடங்கப்பட்டன. நெம்மேலியிலேயே 15 கோடி லிட்டர் திறனுள்ள இரண்டாவது நிலையம் 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. அதையடுத்துள்ள பேரூரில் 40 கோடி லிட்டர் நிலையத்துக்கு 2023 ஆகஸ்டில் அடிக்கல் நாட்டப்பட்டது. நான்கும் முழுத் திறனில் ஓடும் நாளில் நகரத்துக்கு 75 கோடி லிட்டர் நன்னீர் கிடைக்கும். அதே நாளில் ஏறத்தாழ 90 கோடி லிட்டர் அடர் உப்புநீர் வங்கக் கடலுக்குத் திரும்பும்.

இவ்வளவு நீர் திரும்புவதற்குக் காரணம் எளிது. கடல்நீரை உயர் அழுத்தத்தில் நுண்சவ்வின் வழியே தள்ளும் எதிர் சவ்வூடு பரவல் முறையில், உள்ளே இழுக்கும் கடல்நீரில் நூற்றுக்கு 40 முதல் 50 பங்குதான் நன்னீராகச் சவ்வைக் கடந்து வருகிறது. உப்பு முழுவதும் மிச்ச நீரிலேயே தங்கிவிடுவதால், லிட்டருக்கு 35 கிராம் உப்புடன் வந்த கடல்நீர் 60 கிராமுக்கு மேற்பட்ட அடர்த்தியுடன் வெளியேறுகிறது. உலகம் முழுவதும் இதே கதைதான். ஐக்கிய நாடுகள் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2018 இறுதியில் வெளியிட்ட கணக்கின்படி, 15,906 ஆலைகள் நாளொன்றுக்கு 9.5 கோடி கன மீட்டர் நன்னீரைத் தந்துவிட்டு 14.2 கோடி கன மீட்டர் அடர் உப்புநீரை வெளியேற்றின. அதில் பாதிக்கு மேல் சவூதி அரேபியா, ஐக்கிய அரபு அமீரகம், குவைத், கத்தார் ஆகிய நான்கு நாடுகளுடையது.

இந்த நீரைக் கழிவென்று தள்ளிவிடாமல் மறுபயனுக்குக் கொண்டுவரப் பல வழிகள் முன்வைக்கப்படுகின்றன. உப்பளத்துக்குப் பாய்ச்சலாம் என்கிறார்கள். காஸ்டிக் சோடாவும் அமிலமும் தயாரிக்கலாம் என்கிறார்கள். மின்சாரம் எடுக்கலாம், மக்னீசியமும் லித்தியமும் பிரிக்கலாம், ஒரு சொட்டும் வெளியேறாதபடி முழுவதையும் வற்றவைக்கலாம் என்றும் சொல்கிறார்கள். புதிய ஆலைக்கு ஒப்பந்தப்புள்ளி கோருவதற்கு முன், ஒரு குடிநீர் வாரியமோ தொழிற்பேட்டை நிர்வாகமோ இவற்றில் எதற்கு இடமும் பணமும் ஒதுக்குவது என்று முடிவு செய்தாக வேண்டும். தனித்தனியே கேட்டால் எல்லாமே நல்ல யோசனையாகத்தான் படும். அருகருகே வைத்து எடைபோட இரண்டு அளவுகோல்கள் போதும்: வெளியேறும் உப்பில் எத்தனை பங்கை அந்த வழி உண்மையிலேயே எடுத்துக்கொள்ளும் என்பது ஒன்று, குடிநீரின் அடக்கவிலையை அது குறைக்குமா கூட்டுமா என்பது மற்றொன்று. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் இந்தத் துறையில் பெரும்பாலான ஏமாற்றங்கள் வருகின்றன என்பது என் கருத்து.

முதலில் உப்பின் அளவைப் பார்த்துவிடுவோம். 10 கோடி லிட்டர் ஆலை ஒன்று இழுக்கும் நீரில் நூற்றுக்கு 45 பங்கை நன்னீராக்கி ஓடுவதாகக் கொண்டால், அது நாளொன்றுக்கு 22 கோடி லிட்டர் கடல்நீரை இழுத்து 12 கோடி லிட்டருக்குச் சற்று அதிகமான அடர் உப்புநீரை விடுகிறது. அந்த நீரில் ஏறக்குறைய 7,700 டன் உப்புகள் கரைந்திருக்கின்றன. அவற்றில் நாம் சமையலில் சேர்க்கும் சோடியம் குளோரைடு மட்டும் 6,000 டன் அளவில் வரும். ஓராண்டுக்கு இது ஏறத்தாழ 22 லட்சம் டன். தூத்துக்குடி வட்டார உப்பளங்கள் எல்லாம் சேர்ந்து ஓராண்டில் வாரும் உப்பு 25 லட்சம் டன் அளவில் இருக்கும் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. அதாவது, சென்னையின் ஆலைகளில் சிறியதாகிய ஒன்றே ஏறத்தாழ ஒரு தூத்துக்குடியின் உப்பைக் கடலுக்குத் திருப்பி அனுப்புகிறது. பேரூர் ஆலை நான்கு மடங்கு அனுப்பும். எந்த மறுபயன் திட்டத்தையும் இந்த எண்ணுக்கு எதிரே நிறுத்தித்தான் பார்க்க வேண்டும்.

முதல் மறுபயன் ஏற்கெனவே நடக்கிறது

அடர் உப்புநீரில் உப்பைவிட மதிப்புள்ள ஒரு பொருள் இருக்கிறது, அது அழுத்தம். கடல்நீரைச் சவ்வின் வழியே தள்ள 55 முதல் 70 வளிமண்டல அழுத்தம் தேவைப்படுகிறது. சவ்வைக் கடக்காத பாதிக்கு மேற்பட்ட நீர் அந்த அழுத்தத்தில் மிகச் சிறு பகுதியை மட்டுமே இழந்து, பெரும்பகுதியைச் சுமந்தபடியே வெளியே வருகிறது. அதை அப்படியே திறந்துவிட்டால் பம்புக்குச் செலவழித்த மின்சாரத்தில் பாதி வீணாகும். அழுத்தப் பரிமாற்றி எனப்படும் கருவி, வெளியேறும் உப்புநீரின் அழுத்தத்தை உள்ளே வரும் புதிய கடல்நீருக்கு நேரடியாக மாற்றிக் கொடுக்கிறது. நூற்றுக்கு 95க்கு மேற்பட்ட பங்கு ஆற்றல் இதில் மீள்கிறது. 1980களில் ஆயிரம் லிட்டர் நன்னீருக்கு 8 யூனிட் அளவில் செலவான மின்சாரம் இன்று 3 முதல் 4 யூனிட்டுக்கு இறங்கியிருப்பதற்குச் சவ்வுகளின் மேம்பாட்டோடு இந்தக் கருவியும் பெருங்காரணம்.

இதை இங்கே எடுத்துச் சொல்லக் காரணம் உண்டு. அழுத்தத்தை மீட்டது உப்பில் ஒரு கிராமையும் குறைக்கவில்லை, கடலுக்குப் போகும் நீரில் ஒரு லிட்டரையும் குறைக்கவில்லை. ஆனாலும் இந்தத் துறையின் பொருளாதாரத்தையே மாற்றியது அதுதான். மறுபயன் என்றால் கழிவைத் தீர்ப்பது என்று மட்டும் பொருள்கொண்டிருந்தால் இதை யாரும் கணக்கில் சேர்த்திருக்க மாட்டார்கள்.

உப்பளம்

தமிழ்நாட்டில் இந்தப் பேச்சை எடுத்தால் முதலில் எழும் யோசனை உப்பளம்தான்; அதற்கு நியாயமும் உண்டு. உப்பளத்தில் நீரின் அடர்த்தியைப் பௌமே டிகிரியில் அளப்பார்கள். கடல்நீர் 3 முதல் 3.5 டிகிரியில் இருக்கும். உப்பு படிய 25 டிகிரியை எட்ட வேண்டும். ஆலையிலிருந்து வரும் உப்புநீர் 6.5 டிகிரியை ஒட்டி இருப்பதால், வெயில் செய்ய வேண்டிய வேலையில் ஏறக்குறைய பாதி முன்னதாகவே முடிந்துவிடுகிறது. அதே பரப்பில் கூடுதல் உப்பு விளையும், அல்லது அதே உப்புக்குக் குறைந்த பரப்பு போதும். இஸ்ரேலின் ஏலாத் நகரில் குடிநீர் ஆலையின் உப்புநீரைக் கடல்நீருடன் கலந்து உப்பளங்களுக்கு விடும் ஏற்பாடு 1990களிலிருந்து நடந்து வருகிறது. ஆகவே இது காகிதத்தில் மட்டும் உள்ள யோசனை அன்று.

இடையூறு பரப்பில் இருக்கிறது. நாளொன்றுக்குச் சராசரியாக 5 மில்லிமீட்டர் நீர் ஆவியாகும் என்று கொண்டால் ஒரு ஹெக்டேரிலிருந்து 50,000 லிட்டர் போகும். ஒரு 10 கோடி லிட்டர் ஆலையின் உப்புநீர் முழுவதையும் இப்படி வற்றவைக்க 2,400 ஹெக்டேருக்கு மேல், அதாவது ஆறாயிரம் ஏக்கர் தேவைப்படும். அடர்த்தி ஏற ஏற ஆவியாகும் வேகம் குறைவதால் உண்மையில் இன்னும் கூடுதலாகவே வேண்டியிருக்கும். நெம்மேலிக்கு வடக்கே கோவளம், கேளம்பாக்கம் பகுதியில் பழைய உப்பளங்கள் உண்டு. குழாய் பதிக்க முடியாத தொலைவும் இல்லை. ஆனால் பழைய மகாபலிபுரம் சாலையின் நில மதிப்பை அறிந்தவர் எவரும், அங்கே புதிதாக ஆறாயிரம் ஏக்கர் பாத்தி கட்டலாம் என்று சொல்லத் துணியமாட்டார்.

மழை அடுத்த இடையூறு. சென்னையில் ஆண்டுக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. பெரும்பகுதி வடகிழக்குப் பருவமழையாக அக்டோபர் முதல் டிசம்பர் வரை கொட்டுகிறது. அந்த மாதங்களில் உப்பளத்தில் வேலை கிடையாது, பாத்திகள் மழைநீரில் மூழ்கிக் கிடக்கும். குடிநீர் ஆலையோ ஆண்டு முழுவதும் ஓடியாக வேண்டும். ஆகவே உப்பளம் இருந்தாலும் கடலுக்கு விடும் குழாயை முழு அளவில் கட்டித்தான் தீர வேண்டும். அந்தச் செலவு மிச்சமாகாது.

அடுத்தது வேதியியல் சார்ந்த நுட்பம். பாத்தியில் உப்புகள் வரிசைமுறையோடு படிகின்றன: முதலில் சுண்ணாம்பு, பிறகு ஏறக்குறைய 13 டிகிரியிலிருந்து ஜிப்சம், 25ஐத் தாண்டியதும் உப்பு, எல்லாவற்றுக்கும் பின் மக்னீசியம் நிறைந்த கசப்புநீர். ஜிப்சம் முன்பாத்திகளிலேயே படிந்துவிடுவதால்தான் கடைசிப் பாத்தியில் சுத்தமான உப்பு கிடைக்கிறது. ஆலையிலோ, சவ்வின் மேல் சுண்ணாம்பும் ஜிப்சமும் படியாமல் இருக்கப் படிவுத் தடுப்பு மருந்து சேர்க்கிறார்கள். அந்த மருந்து உப்புநீரோடு சேர்ந்தே வெளியேறுகிறது. முன்பாத்தியில் படிய வேண்டிய ஜிப்சத்தை அது தாமதப்படுத்தினால், அதன் ஒரு பகுதி உப்புப் பாத்தி வரை வந்து உப்போடு கலக்கும். கடல்நீருடன் போதிய அளவு கலந்து விடுவதும், மருந்தின் அளவைக் கட்டுப்படுத்துவதும் இதற்கு மாற்று. உணவு உப்பாக விற்பதானால் முன்கூட்டியே ஒரு பாத்தியில் வைத்துப் பார்த்துவிட்டே ஒப்பந்தம் போட வேண்டும்.

இத்தனையும் சொன்னபின், உப்பளம் பொருந்தும் இடம் சென்னையில் இல்லை, தெற்கே இருக்கிறது என்பது தெளிவாகும். தூத்துக்குடியில் மழை சென்னையில் பெய்வதில் பாதியைக்கூடத் தொடாது, உப்பளங்கள் ஏற்கெனவே பரந்து கிடக்கின்றன. அங்குள்ள உப்பளக்காரர்கள் பலர் கடல்நீரை நம்பியில்லாமல் நிலத்தடி உப்புநீரை மோட்டார் வைத்து இறைக்கிறார்கள். அது கடல்நீரைவிட டிகிரி கூடியது என்பதே அதற்குக் காரணம். அங்கே நாளொன்றுக்கு ஒரு கோடி, இரண்டு கோடி லிட்டர் அளவில் தொழிற்சாலைகளுக்கான ஆலை அமைந்தால், அதன் உப்புநீர் இந்த நிலத்தடி நீருக்கு நேரடி மாற்றாகும். நிலத்தை விலைக்கு வாங்க வேண்டியதில்லை, உப்பு வாரும் கைகளும் சந்தையும் ஏற்கெனவே இருக்கின்றன. மன்னார் வளைகுடாவின் பவளத்திட்டுகளும் கடற்புல் படுகைகளும் அதே கரையை ஒட்டி இருப்பதால், கடலுக்குள் போகும் உப்பு எவ்வளவு குறைந்தாலும் அது அங்கே கூடுதல் நன்மை.

காஸ்டிக் சோடா

அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் குடிநீர் ஆலையின் உப்புநீரிலிருந்தே காஸ்டிக் சோடா எனப்படும் சோடியம் ஹைட்ராக்சைடையும் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தையும் நேரடியாகத் தயாரிக்கும் முறையை 2019ல் வெளியிட்டபோது, அது பரவலாகப் பேசப்பட்டது. அதில் கவனிக்க வேண்டியது வேதிவினை அன்று. உப்பு நீரை மின்பகுப்பது நூறாண்டுக்கு மேற்பட்ட தொழில். அந்தப் பொருளுக்கு முதல் வாடிக்கையாளர் குடிநீர் ஆலையேதான் என்று அவர்கள் சுட்டிக்காட்டியதுதான் முக்கியம்.

ஆலைக்குக் காஸ்டிக் சோடா எதற்கு என்பதைப் போரானை வைத்து விளக்கலாம். கடல்நீரில் லிட்டருக்கு 4.5 மில்லிகிராம் அளவில் போரான் இருக்கிறது. அது போரிக் அமிலமாக, மின்னூட்டம் இல்லாத சிறு மூலக்கூறாக இருப்பதால், உப்பைத் தடுக்கும் சவ்வு அதைச் சரியாகத் தடுப்பதில்லை. முதல் சவ்வைக் கடந்து வந்த நீரில் காஸ்டிக் சோடா சேர்த்து அதன் பி.எச். அளவைப் பத்துக்கு அருகே உயர்த்தினால் போரிக் அமிலம் மின்னூட்டம் பெற்ற போரேட்டாக மாறும். இரண்டாவது சவ்வு அதைத் தடுத்துவிடும். குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனம் வகுத்த வரம்பு 0.5 மில்லிகிராமிலிருந்து 2011ல் 2.4 மில்லிகிராமாகத் தளர்த்தப்பட்டதால் பல ஆலைகளில் இந்தத் தேவை குறைந்துள்ளது. எனினும் பாசன நீருக்கும் சில தொழில்களுக்கும் குறைந்த போரான் இன்றும் வேண்டும். இது தவிர சவ்வுகளைக் கழுவக் காரமும் அமிலமும் மாறி மாறித் தேவை. கடலுக்குள் கிடக்கும் உறிஞ்சுகுழாயில் சிப்பியும் பாசியும் ஒட்டாமலிருக்க ஹைப்போகுளோரைட்டு என்ற குளோரின் சார்ந்த கிருமிநாசினி தேவை. இவையெல்லாம் இன்று டேங்கர் லாரியில் வந்து இறங்குகின்றன.

இரண்டு அளவுகோல்களையும் இங்கே வைத்துப் பார்ப்போம். வெளிவரும் நன்னீரில் லிட்டருக்கு 20 மில்லிகிராம் வீதம் காஸ்டிக் சோடா தேவை என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும், 10 கோடி லிட்டர் ஆலைக்கு நாளொன்றுக்கு 2 டன் போதும். அதற்கு வேண்டிய உப்பு 3 டன். வெளியேறும் 6,000 டன்னில் 3 டன்! கடலுக்குப் போகும் உப்பைக் குறைக்கும் வழியாக இதைப் பார்த்தால் இது சிரிப்புக்கிடம். குடிநீரின் அடக்கவிலையைக் குறைக்கும் வழியாகப் பார்த்தாலோ பொருள் வேறாகிறது: வெளியிலிருந்து வாங்கும் இரசாயனங்கள் குறைகின்றன, மூலப்பொருள் இலவசம், லாரிப் போக்குவரத்தும் அபாயமான பொருள்களைச் சேமித்து வைப்பதும் குறைகின்றன.

மறுகோடிக்குப் போய், முழு உப்பையும் காஸ்டிக் சோடாவாக்கினால் என்ன ஆகும் என்றும் கணக்கிட்டுப் பார்க்கலாம். அந்த ஒரே ஆலையிலிருந்து நாளொன்றுக்கு 4,000 டன், ஆண்டுக்கு 15 லட்சம் டன் வரும். இது இந்தியாவின் மொத்தக் காஸ்டிக் சோடா உற்பத்தியில் மூன்றில் ஒரு பங்கை நெருங்கும். டன்னுக்கு 2,400 யூனிட் வீதம் நாளொன்றுக்கு ஒரு கோடி யூனிட் மின்சாரம் வேண்டும். குடிநீர் ஆலை முழுவதும் ஓடச் செலவாவதோ மூன்றரை லட்சம் யூனிட்தான். கூடவே பிறக்கும் ஆயிரக்கணக்கான டன் குளோரினை எங்கே வைப்பது என்ற கேள்விக்கு எவரும் பதில் சொல்ல முடியாது.

நடுவே ஒரு வழி உண்டு. காட்டுப்பள்ளியைப் பொறுத்தவரை அது பரிசீலிக்கத் தக்கது. அருகிலுள்ள மணலித் தொழிற்பேட்டையில் காஸ்டிக் சோடா தயாரிப்பு நெடுங்காலமாக நடக்கிறது. ஆனால் அத்தகைய ஆலைக்கு வேண்டியது லிட்டருக்கு 300 கிராம் அடர்த்தியுள்ள, கால்சியமும் மக்னீசியமும் சேர்ந்து நூறு கோடியில் 20 பங்குக்கு மேல் இல்லாத உப்புநீர். குடிநீர் ஆலை தருவதோ 64 கிராம் அடர்த்தியுள்ள, மக்னீசியம் மட்டுமே லிட்டருக்கு 2 கிராமுக்கு மேல் உள்ள நீர். இடையில், கால்சியத்தையும் மக்னீசியத்தையும் சவ்வால் தடுத்துப் பிரிக்கும் நானோ வடிகட்டலும், மின்சாரத்தால் உப்பைச் சவ்வின் வழியே இழுத்துத் திரட்டும் மின்பிரிப்பு அடர்த்தியாக்கமும் வேண்டும். ஜப்பானில் 1970களின் தொடக்கத்திலிருந்து உணவு உப்பையே மின்பிரிப்புச் சவ்வு வழியாக எடுப்பதால் தொழில்நுட்பம் புதிதல்ல. குஜராத்திலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் வரும் வெயில் உப்பின் விலையோடு அது போட்டி போட முடியுமா என்பதே கேள்வி. இந்தியாவில் வெயிலும் உப்பும் மலிவாக இருக்கும்வரை முடியாது என்றே நினைக்கிறேன்.

ஆக, ஆலையின் சொந்தத் தேவைக்கு மட்டும் தயாரிக்கும் சிறிய அலகுதான் இங்கே பொருந்தும். இருமுனைச் சவ்வு மின்பிரிப்பு அதற்கு ஏற்றது. அது குளோரின் வாயுவைத் தராமல் காரத்தையும் அமிலத்தையும் நீர்த்த நிலையில் தரும், ஆலைக்கு நீர்த்த நிலையில் இருந்தாலே போதும். ஹைப்போகுளோரைட்டைக் கடல்நீரிலிருந்து அங்கேயே தயாரிப்பது கடலோர அனல்மின் நிலையங்களில் பழகிய வேலை. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: உப்புநீரிலுள்ள புரோமைடு இதில் உடலுக்குக் கேடான புரோமேட்டாக மாறக்கூடும். ஆகவே அந்த ஹைப்போகுளோரைட்டு உறிஞ்சுகுழாய்க்கு மட்டும்தான். குடிநீரில் சேர்க்கக் கூடாது.

சவ்வூடு மின்சாரம்

ஜப்பானின் ஃபுகுவோக்கா நகரில் 2025 ஆகஸ்டில் ஒரு மின்நிலையம் இயங்கத் தொடங்கியது. குடிநீர் ஆலையின் அடர் உப்புநீர் ஒருபுறமும் சுத்திகரித்த கழிவுநீர் மறுபுறமும் நிற்க, நடுவிலுள்ள சவ்வின் வழியே நன்னீர் உப்புப் பக்கம் ஈர்க்கப்படும். அப்போது எழும் அழுத்தம் டர்பைனைச் சுழற்றுகிறது. வெறும் கடல்நீரை வைத்து இதே முறையை நார்வேயில் 2009ல் தொடங்கி 2013ல் கைவிட்டார்கள். அடர் உப்புநீரில் ஈர்ப்பு இரட்டிப்பாவதால் ஃபுகுவோக்காவில் அது சாத்தியமாகியிருக்கிறது. வெளியேறும் உப்புநீர் கடலுக்குப் போகுமுன் நீர்த்தும் விடுகிறது, இது உண்மையிலேயே அழகான ஏற்பாடு.

ஆனால் அந்நிலையம் ஆண்டுக்குத் தரும் மின்சாரம் 8.8 லட்சம் யூனிட். அது இணைந்துள்ள குடிநீர் ஆலையின் திறன் நாளொன்றுக்கு 5 கோடி லிட்டர். முழு அளவில் ஓடினால் ஒரு நாளைக்கே ஏறத்தாழ 2 லட்சம் யூனிட் வேண்டும். ஓராண்டு முழுவதும் எடுக்கும் மின்சாரம் நான்கைந்து நாள் ஓட்டத்துக்குப் போதுமானது.

சென்னையில் இதற்கு இன்னொரு தடையும் உண்டு. இந்த முறைக்கு வேண்டிய சுத்திகரித்த கழிவுநீர் இங்கே சும்மா கிடக்கும் பொருள் அன்று. கோயம்பேட்டிலும் கொடுங்கையூரிலும் 2019 முதல் தலா 4.5 கோடி லிட்டர் கழிவுநீரை மூன்றாம் நிலை வரை சுத்திகரித்துத் தொழிற்சாலைகளுக்கு விற்கிறார்கள். அந்த நீரில் உப்பு மிகக் குறைவாக இருப்பதால், அதைத் தூய்மையாக்கக் கடல்நீருக்காகும் மின்சாரத்தில் சிறு பகுதியே போதும். ஆயிரம் லிட்டர் கழிவுநீரை உப்புநீரில் கலந்து கால் யூனிட்டோ அரை யூனிட்டோ எடுப்பதைவிட, அதே நீரைத் தொழிற்சாலைக்குக் கொடுத்து, அந்த அளவுக்குக் கடல்நீரைச் சுத்திகரிக்காமல் விட்டால் 2 யூனிட்டுக்குக் குறையாமல் மிச்சமாகும். தண்ணீர்ப் பஞ்சம் உள்ள ஊரில் இந்தத் தேர்வைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம்.

கனிமங்கள்

லித்தியத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கடல்நீரில் லிட்டருக்கு 0.17 மில்லிகிராம்தான் இருக்கிறது. 10 கோடி லிட்டர் ஆலையின் உப்புநீரிலிருந்து ஒரு சொட்டு விடாமல் எடுத்தாலும் நாளொன்றுக்கு 40 கிலோவுக்கும் குறைவு. புரோமின் 15 டன் அளவில் இருக்கிறது. ஆனால் உப்பளக் கசப்புநீரில் அது இன்னும் அடர்த்தியாகக் கிடைக்கும்போது இங்கே தேடுவானேன்.

மக்னீசியம் வேறு வகை. நாளொன்றுக்கு 280 டன் அளவில் வெளியேறும் மக்னீசியத்தில் பெரும்பகுதிக்குச் சந்தை இல்லை. பிரிப்பதற்கும் சுண்ணாம்போ காஸ்டிக் சோடாவோ செலவாகும். ஆனால் சவ்வைக் கடந்து வரும் நீரில் கால்சியமும் மக்னீசியமும் ஏறத்தாழ இல்லை. கால்சியத்தைச் சுண்ணாம்புக்கல் வழியாகத் திரும்பச் சேர்ப்பது வழக்கம்; மக்னீசியம் பெரும்பாலும் விடுபட்டுப் போகிறது. குடிநீரின் பெரும்பகுதியைக் கடலிலிருந்தே எடுக்கும் இஸ்ரேலில், இந்தக் குறைபாடு உடல்நலத்தைப் பாதிக்குமா என்ற விவாதம் பல ஆண்டுகளாக நடந்து வருகிறது. லிட்டருக்கு 10 மில்லிகிராம் திரும்பச் சேர்க்க நாளொன்றுக்கு ஒரு டன் மக்னீசியம் போதும். நானோ வடிகட்டியால் மக்னீசியத்தை மட்டும் திரட்டி, சோடியமும் குளோரைடும் பின்தொடராமல் பார்த்துக்கொண்டால், உப்புநீரிலிருந்தே இதை எடுத்துக்கொள்ளலாம். அடக்கவிலை குறையாது, ஆனால் நீரின் தரம் கூடும். சென்னையில் ஆலை நீர் ஏரி நீருடன் கலந்து வீடுகளுக்குப் போகும்வரை இதற்கு அவசரமில்லை. கடல்நீரிலிருந்து எடுத்த குடிநீரை மட்டுமே நம்பும் பகுதிகள் பெருகும்போது தேவைப்படும்.

திருப்பூரின் பாடமும் அதன் எல்லையும்

கழிவே வெளியேறாத ஆலை என்ற யோசனையை ஆதரிப்பவர்கள் திருப்பூரைக் காட்டுவார்கள். நொய்யலில் சாயக்கழிவு கலந்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2011 ஜனவரியில் சாய ஆலைகளை மூட உத்தரவிட்ட பிறகு, கழிவுநீர் முழுவதையும் சுத்திகரித்து மறுபயன் செய்யும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் அங்கே நிலைபெற்றன. பருத்தியில் சாயம் ஏற உப்பு தேவை. ஆகவே சில நிலையங்களில் அடர் உப்புநீரை முழுவதும் வற்றவைக்காமல், வண்ணமும் கடினத்தன்மையும் நீக்கிச் சாயத் தொட்டிக்கே திருப்பி அனுப்புகிறார்கள். மறுபயன் எங்கே வெற்றி பெறும் என்பதற்கு நம் மாநிலத்திலேயே உள்ள நல்ல சான்று இது: உப்பு கேட்பவர் பக்கத்திலேயே இருக்கிறார், அவருக்கு வேண்டிய அளவும் கிடைக்கும் அளவும் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றன, வெளியே விடவும் வழியில்லை.

கடலோரக் குடிநீர் ஆலையில் இந்த மூன்றில் ஒன்றும் இல்லை. உப்புநீரைக் கொதிக்கவைத்து, எழும் நீராவியை அழுத்தி அதன் வெப்பத்தையே மீண்டும் பயன்படுத்தும் நீராவி அழுத்த முறையில் அடர்த்தியாக்க ஆயிரம் லிட்டருக்கு 20 யூனிட்டுக்குக் குறையாது. 12 கோடி லிட்டருக்கு நாளொன்றுக்கு 24 லட்சம் யூனிட் ஆகும். ஆலை இப்போது செலவழிப்பதைப் போல் ஏழு மடங்கு மின்சாரத்தைக் கொட்டி, நாளொன்றுக்கு 7,700 டன் கலப்பு உப்பைக் குவித்துவிட்டு, அதைக் கொட்ட இடம் தேட வேண்டும். மழையில் கரைந்தால் அது நிலத்தடி நீரைக் கெடுக்கும். கடலிலிருந்து வந்த உப்பைக் கரையில் குவிப்பதைவிடக் கடலுக்கே முறையாகத் திருப்புவது சூழலுக்கும் நல்லது.

எதற்குப் பணம் ஒதுக்குவது

முறையாக என்ற சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. அடர் உப்புநீர் கடல்நீரைவிடக் கனமானது. சும்மா திறந்துவிட்டால் அடித்தரையோடு படர்ந்து, அங்கு வாழும் நண்டு, சிப்பி, புழு இனங்களின் மேல் போர்வை போல் கிடக்கும். பல துளைகள் உள்ள குழாய்முனை வழியாக, சாய்வாக மேல்நோக்கிப் பீய்ச்சினால் சில பத்து மீட்டருக்குள் கலந்துவிடும். கலிபோர்னியா 2015ல் கொண்டுவந்த விதி, வெளியேற்றும் இடத்திலிருந்து 100 மீட்டருக்கு அப்பால் உப்பு இயல்பைவிட ஆயிரத்தில் 2 பங்குக்கு மேல் கூடியிருக்கக் கூடாது என்கிறது. அளந்து பார்க்கக்கூடிய வரம்பு என்பதால் அது பயனுள்ளது. நெம்மேலி ஆலையை ஒட்டிய சூளேரிக்காட்டுக்குப்பம் மீனவர்கள், ஆலை வந்தபின் கரை அரிக்கப்படுவதாகவும் மீன்பாடு குறைந்ததாகவும் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறார்கள். ஆலை கட்டுமுன் எடுத்த அளவீடும், கட்டியபின் தொடர்ந்து எடுக்கும் அளவீடும் பொதுவெளியில் வைக்கப்பட்டால்தான் இத்தகைய முறையீட்டுக்கு எவரும் நேர்மையாகப் பதில் சொல்ல முடியும்.

எந்த வழியில் போனாலும் சென்னையில் வெளியேறும் உப்பில் நூற்றுக்கு 99 பங்கு கடலுக்குத்தான் போகப் போகிறது. ஆகவே முதல் பணம் வெளியேற்றுக் குழாய்க்கும் கண்காணிப்புக்கும் போக வேண்டும். மறுபயன் என்ற பெயரைச் சொல்லி அந்தச் செலவைக் குறைக்க முன்வரும் எந்தத் திட்டத்தையும் ஏற்கக் கூடாது. இரண்டாவதாக, ஆலையின் சொந்தத் தேவைக்கான காரம், அமிலம், ஹைப்போகுளோரைட்டு ஆகியவற்றை உப்புநீரிலிருந்து தயாரிக்கும் சிறிய அலகு ஒன்றை, இரசாயனங்களுக்கு இப்போது ஆகும் செலவோடு ஒப்பிட்டுச் சோதனையாக அமைக்கலாம். இந்தப் பட்டியலில் சென்னைக்கு நான் பரிந்துரைக்கும் மறுபயன் இது ஒன்றுதான். தூத்துக்குடியிலும் இராமநாதபுரத்திலும் முடிவு மாறும்: ஆலையின் அளவை உப்பளங்கள் ஏற்கும் அளவுக்கு ஏற்ப வகுத்து, வறண்ட மாதங்களில் உப்பளத்துக்கும் மழை மாதங்களில் கடலுக்கும் விடும் இரட்டை ஏற்பாட்டைத் தொடக்கத்திலேயே திட்டமிட வேண்டும்.

இதற்காக ஒப்பந்தப்புள்ளி ஆவணத்தில் சேர்க்க வேண்டியவை அதிகமில்லை. அழுத்தப் பரிமாற்றிக்குப் பின்னும் கடல் குழாய்க்கு முன்னும் உப்புநீர்க் குழாயில் வால்வுடன் கூடிய ஒரு கிளையும், அதன் அருகே ஓர் அலகு வைக்கும் அளவுக்குக் காலி இடமும் கேட்கப்பட வேண்டும். கட்டும்போது இதற்காகும் செலவு மிகச் சிறியது, ஓடும் ஆலையை நிறுத்திப் பின்னர் வெட்டிச் சேர்ப்பதோ பெருஞ்செலவு. படிவுத் தடுப்பு மருந்தின் பெயரையும் அன்றாட அளவையும் ஒப்பந்ததாரர் பதிவு செய்து கொடுக்க வேண்டும். அந்தப் பதிவு இல்லாத உப்புநீரை எந்த உப்பளக்காரரும் வாங்க மாட்டார்.